பிரியும் நிரலும் பின்தொடரும் கருவியும்

ஒரு நிரல் எந்த இடத்தில் வழிதவறுகிறது என்பதைக் கண்டறிவதற்காக, அதை ஓடவிட்டும் வேண்டிய வரியில் நிறுத்தியும் அதன் நினைவகத்தைத் திறந்து பார்த்தும் மீண்டும் ஓடவிட்டும் ஆராய்வதற்கு உதவும் மற்றொரு நிரலே டீபக்கர். இந்த வரையறைக்குள் வெளிப்படச் சொல்லப்படாத எடுகோள் ஒன்று இருக்கிறது: ஆராயும் கருவி ஒன்று, ஆராயப்படும் நிரலும் ஒன்று என்பதே அது. ஆராயப்படும் நிரல் தன் ஓட்டத்தின் நடுவே இரண்டாகப் பிரிந்து, பிரிந்த இரண்டும் தத்தம் வழியே ஓடத் தொடங்கினால், டீபக்கர் எதன் பின்னே செல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும், விடப்பட்டதன் கதி என்னவாகும் என்னும் கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன. இக்கேள்விகளை ஒரு டீபக்கர் செம்மையாகக் கையாள்கிறதா என்று சோதிப்பது மென்பொருள் சோதனையின் மிகக் கடினமான பகுதிகளுள் ஒன்று. டீபக்கர் கையில் பிடித்திருப்பதை மட்டும் பார்த்து அதன் தரத்தை அளந்துவிட முடியாது என்பதும், அது கைவிட்டது நலமாக இருக்கிறதா என்பதையும் சேர்த்தே அளக்க வேண்டும் என்பதும் இச்சோதனைகளை ஊன்றிப் படிப்போருக்குப் புலப்படும்.

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில், லினக்ஸ் உட்பட, புதிய செயல்முறை ஒன்று தோன்றுவதற்கான அடிப்படை வழி ஃபோர்க் என்னும் அழைப்பாகும். செயல்முறை என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல். அதற்கு நேரத்தையும் நினைவகத்தையும் பங்கிட்டுத் தருவது இயங்குதளத்தின் உட்கருவான கெர்னல். ஒரு செயல்முறை ஃபோர்க்கை அழைத்ததும், கெர்னல் அதைப் போலவே இன்னொன்றை உண்டாக்குகிறது. அழைத்தது தாய் என்றும், புதிதாகத் தோன்றியது சேய் என்றும் கொள்ளப்படும். நினைவகத்தில் இருந்த தரவுகளும், திறந்து வைத்திருந்த கோப்புகளும், அடுத்து நிறைவேற வேண்டிய வரி எது என்பதும் இரண்டுக்கும் ஒன்றாகவே அமைகின்றன. அழைப்பு திரும்பும்போது தாய்க்குச் சேயின் அடையாள எண்ணும், சேய்க்குச் சுழியமும் விடையாகக் கிடைப்பதைக் கொண்டே இவை தம்மைத் தாய் என்றும் சேய் என்றும் அறிந்துகொள்கின்றன. இக்கருத்தை மெல்வின் கான்வே 1963இல் வெளிவந்த கட்டுரையொன்றில் முன்வைத்தார். பெர்க்லியின் ஜீனி திட்டத்தில் உருவான இயங்குதளம் அதன் ஒரு வடிவத்தைக் கையாண்டது. அங்கிருந்து அது யூனிக்ஸுக்கு வந்து சேர்ந்தது. பிடிபி-7 கணினியில் ஃபோர்க்கை எழுத அசெம்பிளி மொழியில் சரியாக 27 வரிகளே தேவைப்பட்டன என்று டென்னிஸ் ரிட்சி 1979இல் பதிவு செய்திருக்கிறார். 27 வரிகளில் பிறந்த ஒன்றைச் சிதைவின்றிப் பின்தொடர்வதற்கு டீபக்கர் எழுதுவோர் பல்லாண்டு உழைக்க நேர்ந்தது.

திருச்சிராப்பள்ளியிலிருந்து புதுக்கோட்டைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்த கீரனூருக்கு ஃபோர்க் அந்நியமான பொருளன்று. 1984க்குப் பின் தமிழகத்தில் பெருகிய சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளின் தொடக்க அலையைச் சேர்ந்த மூகாம்பிகை பொறியியல் கல்லூரி கீரனூரை அடுத்த களமாவூரில் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த கல்லூரிகளில் கணினி அறிவியல் பயில்வோர் அனைவரும் இயங்குதள ஆய்வகத்தில் ஃபோர்க்கைச் சந்தித்தே தீர்கின்றனர். பல்கலைக்கழகத்தின் 2017ஆம் ஆண்டு விதிமுறைப் பாடத்திட்டம், யூனிக்ஸ் கட்டளைகளுக்கு அடுத்ததாக, ஃபோர்க், எக்ஸெக், கெட்பிட், எக்ஸிட், வெயிட் முதலிய அழைப்புகளைக் கொண்டு நிரல் எழுதும் பயிற்சியை வைத்திருந்தது. 2021ஆம் ஆண்டு விதிமுறையும் செயல்முறை மேலாண்மை என்ற தலைப்பில் இவற்றுள் பலவற்றைத் தொடர்கிறது. ஆகவே சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைதேடிச் செல்வதற்குப் பல பருவங்களுக்கு முன்பே, புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்களின் பிள்ளைகள் ஒரு செயல்முறையை இரண்டாக்கிப் பார்த்துவிடுகின்றனர்.

அந்த முதற்சந்திப்பு நிகழும் முறை இங்கே கருதத்தக்கது. நிரலை அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, ஓட்டிக் காட்டி ஒப்பம் பெற்று, பின்பு ரெக்கார்டு நோட்டில் விடையோடு சேர்த்துப் படியெடுப்பது தமிழகப் பொறியியல் ஆய்வகங்களில் நிலைபெற்ற வழக்கம். ஃபோர்க்கை அடுத்தடுத்து மூன்று முறை அழைத்தால் மொத்தம் எத்தனை செயல்முறைகள் இருக்கும் என்பது வைவா தேர்வில் தவறாது வரும் கேள்வி; எட்டு என்பது அதன் விடை. எனினும் ஃபோர்க் கற்பிக்க வல்ல பாடம் அந்த எண்ணோடு முடிந்துவிடுவதில்லை. தாயும் சேயும் எந்த வரிசையில் அச்சிடும் என்பதற்கு உறுதி ஏதும் இல்லை. ஒரே நிரல் இரண்டு முறை ஓடி இரண்டு வரிசைகளில் விடை தரலாம். இரண்டுமே சரியாக இருக்கலாம். ஃபோர்க்குக்கு முன் அச்சிட்ட ஒரே வரி திரையில் ஒருமுறையும், விடையைக் கோப்புக்குத் திருப்பினால் இரண்டு முறையும் தோன்றுவதுண்டு. அச்சிடும் செயற்கூறு எழுத்துகளை உடனே வெளியே அனுப்பாமல் நினைவகத்தில் ஓர் இடைக்கிடங்கில் சேர்த்துவைப்பதும், திரை என்றால் வரி முடிவில் அதை வெளியேற்றுவதும், கோப்பு என்றால் கிடங்கு நிறையும்வரை காத்திருப்பதும் இதற்குக் காரணம். வெளியேறாமல் கிடந்த எழுத்துகள் ஃபோர்க்கின்போது சேய்க்கும் நகலாகிவிட, இரண்டும் தத்தம் பங்கை எழுதிவிடுகின்றன. விடை எந்த வழியாகப் பார்க்கப்படுகிறதோ அதற்கேற்ப விடையே மாறுகிறது என்னும் இவ்வுண்மை டீபக்கர் சோதனையிலும் மீண்டும் எதிர்ப்படுவதாகும்.

டீபக்கர் ஒரு செயல்முறையைப் பிடித்து வைப்பதற்கு யூனிக்ஸில் உள்ள வாயில் பிட்ரேஸ் என்னும் அழைப்பு. 1975இல் வெளிவந்த ஆறாம் பதிப்பு யூனிக்ஸிலேயே அது இடம்பெற்றுவிட்டது. அதன் வழியே ஒரு செயல்முறை மற்றொன்றின் நினைவகத்தைப் படிக்கலாம், எழுதலாம், அதற்கு வரும் சிக்னல்களை, அதாவது கெர்னல் அனுப்பும் அறிவிப்புகளை, இடைமறிக்கலாம். லினக்ஸில் ஒரு செயல்முறையை ஒரு நேரத்தில் ஒரு டீபக்கர் மட்டுமே பிடித்திருக்க முடியும். ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986இல் எழுதத் தொடங்கிய ஜிடிபி என்னும் டீபக்கர், லினக்ஸில் பிட்ரேஸை அடித்தளமாகக் கொண்டு இயங்குகிறது. குறித்த ஒரு வரியில் நிரல் நிற்க வேண்டும் என்று பயனர் கேட்டால், அந்த வரிக்குரிய இயந்திரக் கட்டளையின் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அவ்விடத்தில் நிறுத்தக் கட்டளை ஒன்றை ஜிடிபி எழுதிவிடுகிறது. இன்டெல் வகைச் செயலிகளில் அதன் மதிப்பு 204. செயலி அவ்விடத்தை அடைந்ததும் தடைபட்டு, சிக்ட்ராப் என்ற சிக்னல் எழுகிறது. டீபக்கர் அதை ஏற்றுப் பயனரிடம் நிரல் நின்றதென்று சொல்கிறது. நிறுத்தப்புள்ளி எனப்படும் இது, ஆராயப்படும் நிரலின் உடலிலேயே பதிக்கப்படும் ஓர் அடையாளம் என்பதை நினைவில் இருத்த வேண்டும், ஏனெனில் ஃபோர்க் விளைவிக்கும் சிக்கல் முழுவதும் இங்கிருந்தே கிளைக்கிறது.

ஃபோர்க் நிகழும்போது நினைவகம் நகலாகிறது. ஆகவே நிறுத்தக் கட்டளைகளும் சேய்க்குச் சென்றுவிடுகின்றன. ஆனால் டீபக்கருக்கும் தாய்க்கும் இடையில் இருந்த பிட்ரேஸ் உறவு, தனியே கேட்டுப் பெறாவிட்டால், சேய்க்குச் செல்வதில்லை. வாசகர் ஒருவர் தம் வசதிக்காக ஏட்டில் கீறி வைத்த குறியை மூலத்தின் எழுத்தென்றே கொண்டு படியெடுப்பவர் புதிய சுவடியிலும் பொறித்துவிட, அந்தக் குறியின் பொருளை அறிந்த வாசகர் புதிய சுவடியின் அருகே இல்லாமற்போவதை ஒத்தது இது. சேய் ஓடிச்சென்று அந்த 204ஐத் தொடும், சிக்ட்ராப் எழும், அதை ஏற்றுக்கொள்ள டீபக்கர் இல்லாததால், அந்தச் சிக்னலின் இயல்பான விளைவுப்படி சேய் மடிந்துவிடும். டீபக்கர் இல்லாமல் ஓடியபோது பிழையின்றி முடிந்த நிரல், டீபக்கரின் கீழ் ஓடியதாலேயே, அதுவும் டீபக்கர் கவனிக்காத பகுதியில், செத்துப்போகிறது. தேடப்படும் பிழை ஒன்றிருக்க, தேடும் கருவியே இன்னொரு பிழையை விதைத்துவிடும் இந்நிலை, டீபக்கர் ஒன்றுக்கு நேரக்கூடிய குற்றங்களிலெல்லாம் கொடியது. பயனர் தம் நிரலின் மீதே ஐயம் கொண்டு இல்லாத தவற்றைத் தேடி நாட்களை இழப்பார் என்பதால், நிரல் நிற்காமற்போவது, மதிப்பைத் தவறாகக் காட்டுவது போன்ற பிற குறைகள் இதன் முன் சிறியவையே.

லினக்ஸ் கெர்னலில் 2002 இறுதியில், 2.5.46ஆம் பதிப்பில், டேனியல் ஜேக்கபோவிட்ஸ் சேர்த்த வசதி இச்சிக்கலைத் தீர்க்க வழி திறந்தது. ஃபோர்க் நிகழ்ந்ததும் தாயை நிறுத்தி டீபக்கருக்கு அறிவிக்கவும், பிறந்த சேயை முதல் அடி வைக்கும் முன்பே டீபக்கரின் பிடியில் ஒப்படைக்கவும் கெர்னலைக் கேட்டுக்கொள்ளலாம் என்றாயிற்று. அதற்கு முன்பு லினக்ஸில் சேயை ஆராய விரும்பியவர்கள் சேயின் தொடக்கத்தில் சில நொடிகள் உறங்கச் சொல்லும் வரியை நிரலில் எழுதி வைத்து, அந்த இடைவெளியில் சேயின் அடையாள எண்ணைத் தேடிப்பிடித்து, இன்னொரு டீபக்கரை அதனுடன் இணைக்க வேண்டியிருந்தது. ஜிடிபியின் கையேட்டில் இம்முறை இன்றும் விளக்கப்பட்டிருக்கிறது. ஆராய்வதற்காக நிரலையே திருத்தும் இம்முறை பயன் தருவதே. ஆயினும் நேரத்தைச் சார்ந்த பிழைகளை அந்த உறக்கம் மறைத்துவிடக்கூடும்.

இன்று ஜிடிபியில் இரண்டு அமைப்புகள் சேயின் விதியைத் தீர்மானிக்கின்றன. ஃபாலோ-ஃபோர்க்-மோட் என்பது தாயைத் தொடர்வதா சேயைத் தொடர்வதா என்பதைச் சொல்வது. டிடாச்-ஆன்-ஃபோர்க் என்பது தொடராததை விடுவிப்பதா, அல்லது அசையாமல் பிடித்தே வைத்திருப்பதா என்பதைச் சொல்வது. பயனர் எதையும் மாற்றாவிட்டால் தாய் தொடரப்படும், சேய் விடுவிக்கப்படும். விடுவிப்பதற்கு முன், சேயின் நினைவகத்தில் உள்ள நிறுத்தக் கட்டளைகள் ஒவ்வொன்றையும் அகற்றி, எடுத்து வைத்திருந்த மூலப் பைட்டுகளை மீண்டும் எழுதி, தூயதாக்கிய பின்னரே டீபக்கர் கையை எடுக்க வேண்டும். இதைச் செய்வதற்குள் இன்னொரு நுட்பமான இடர் உண்டு. ஃபோர்க் நிகழ்ந்ததென்று தாயிடமிருந்து வரும் அறிவிப்பும், நின்றுவிட்டேன் என்று சேயிடமிருந்து வரும் அறிவிப்பும் எந்த வரிசையில் வந்து சேரும் என்பதற்கு உறுதியில்லை. தாய் பிரசவித்ததே தெரியாத நிலையில், யாரென்று அறியாத ஒரு செயல்முறை தான் நின்றுவிட்டதாகச் சொல்லி வந்து நிற்கும். ஆகவே ஜிடிபி அறிமுகமற்றோரின் பட்டியல் ஒன்றைப் பேணி, பின்னால் தாயின் அறிவிப்பு வரும்போது அதனுடன் பொருத்திப் பார்க்கிறது.

விஃபோர்க் என்னும் உடன்பிறந்த அழைப்பு இக்கணக்கு முழுவதையும் குலைக்கிறது. 1979 வாக்கில் பெர்க்லி யூனிக்ஸில் தோன்றிய அது, நினைவகத்தை நகலெடுக்கும் செலவைத் தவிர்ப்பதற்காக, தாயின் நினைவகத்தையே சேய்க்கும் கொடுத்துவிட்டு, சேய் வேறொரு நிரலாக மாறும்வரை அல்லது முடியும்வரை தாயை உறங்க வைக்கிறது. வேறொரு நிரலாக மாறுவது எக்ஸெக் என்னும் அழைப்பின் வேலை; செயல்முறையின் அடையாள எண் அப்படியே இருக்க, அதன் உள்ளீடு முழுவதும் புதிய நிரலால் நிரப்பப்படுகிறது. விஃபோர்க்கில் நினைவகம் ஒன்றே ஆதலால், சேயைத் தூயதாக்க முயன்று நிறுத்தக் கட்டளைகளை அகற்றினால் தாயிலிருந்தும் அவை அகன்றுவிடும். அகற்றாமல் விட்டால் விடுவிக்கப்பட்ட சேய் அவற்றைத் தொட்டு மடியும். இரண்டையும் ஒருசேரக் காக்க வழியில்லாததால், அவ்விடைவேளை முழுவதும் நிறுத்தப்புள்ளிகளை விலக்கி வைத்திருந்து, சேய் நினைவகத்தை விட்டு நீங்கியதென்று கெர்னல் அறிவித்ததும் தாயில் மீண்டும் பதிக்கும் முறையை ஜிடிபி மேற்கொள்கிறது. ஃபோர்க்குக்கு ஒரு சோதனைக்கோப்பு என்றால் விஃபோர்க்குக்குத் தனிச் சோதனைக்கோப்பு தேவைப்பட்டதன் காரணம் இதுதான்.

ஜிடிபியின் சோதனைத் தொகுப்பு டெஜாக்னு என்ற சட்டகத்தின் மேல் அமைந்தது. டெஜாக்னுவோ எக்ஸ்பெக்ட் என்ற கருவியின் மேல் அமைந்தது. எக்ஸ்பெக்ட்டை டான் லைப்ஸ் உருவாக்கினார், ஜான் ஆஸ்டர்ஹவுட்டின் டிசிஎல் மொழி அதற்கு அடித்தளம். எக்ஸ்பெக்ட், டீபக்கரைப் போலி முனையம் ஒன்றுக்குள் ஓடவைத்து, மனிதர் தட்டச்சு செய்வது போலக் கட்டளைகளை அனுப்பி, திரும்பி வரும் எழுத்துகளை எதிர்பார்த்த வடிவத்தோடு ஒப்பிடுகிறது. செயல்முறை அடையாள எண்கள் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறுவதால் எதிர்பார்ப்பை அப்படியே எழுதிவைக்க முடியாது; இங்கே ஓர் எண் வரும், அது எதுவாயினும் சரி என்னும் வகையில் வடிவமாகவே எழுத வேண்டும். ஃபோர்க்குக்கான சோதனையில் தாயா சேயா, விடுவிப்பதா பிடித்துவைப்பதா, வரிவரியாக நடத்துவதா ஒரேயடியாக ஓடவிடுவதா என்னும் தெரிவுகள் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டு ஒவ்வொரு சேர்க்கையும் தனித்தனியே ஓட்டப்படுகிறது. பொதுவாக ஒருவர் நினைக்கக்கூடிய வழி, டீபக்கர் சேயைத் தொடர்ந்ததா என்று பார்த்து நிறைவடைவது. அனுபவம் மிக்க சோதனையாளர் தொடரப்படாத தாயும் தன் கடைசி வரிவரை ஓடி, உரிய எண்ணோடு முடிந்ததா என்றும் பார்ப்பார். கைவிடப்பட்டது டீபக்கரின் ஆளுகைக்கு அப்பால் சென்றுவிட்டதால், அதன் நலத்தை டீபக்கரிடமே கேட்டறிய முடியாது. நிரலே தன் முடிவைச் சொல்லும்படி சோதனை நிரலை அமைக்க வேண்டும்.

இவ்வாறு அமைக்கும்போது வேறு சில கடமைகளும் சேர்ந்துவிடுகின்றன. சோதனை பாதியில் முறிந்தால், எவராலும் கவனிக்கப்படாத சேய் ஒன்று கணினியில் தங்கிவிடலாம். சோதனைகள் நாள்தோறும் ஓடும் கணினியில் இத்தகைய அனாதைகள் பெருகினால், பின்வரும் சோதனைகள் அவற்றால் பாதிக்கப்படும். அதனால் குறித்த நேரத்துக்குப் பின் தன்னைத் தானே முடித்துக்கொள்ளும்படி, அலாரம் என்னும் அழைப்பைச் சோதனை நிரலின் தொடக்கத்திலேயே வைப்பது ஜிடிபி சோதனைகளில் பரவலான பழக்கம். இன்னொன்று, சேயும் தாயும் டீபக்கரும் ஒரே முனையத்தில் எழுதுவதால் எழுத்துகள் ஒன்றோடொன்று கலந்து வருவது. வடிவ ஒப்பீடு அந்தக் கலவையில் தோற்றுவிட, டீபக்கர் சரியாகவே நடந்திருக்கச் சோதனை தவறென்று அறிவிக்கும். இயங்குதள ஆய்வகத்தில் திரைக்கும் கோப்புக்கும் வேறுவேறு விடை கண்ட மாணவர் இச்சிக்கலை உடனே அடையாளம் கண்டுகொள்வார்.

பலமுறை தேறி, சில முறை தவறும் சோதனைகள் ரேஸ் எனப்படும் முந்துதல் போட்டியால் விளைபவை. இரு நிகழ்வுகளுள் எது முதலில் நடக்கும் என்பது உறுதியில்லாதபோது, ஒரு வரிசையை மட்டும் நினைத்து எழுதப்பட்ட சோதனை மறு வரிசையில் தோற்கிறது. ஜிடிபி குழுவினர் இதற்கென வகுத்த இரண்டு உத்திகள் பாராட்டுக்குரியவை. ஒன்று, ஒரே சோதனையைப் பலமுறை ஓட்டி, முடிவு மாறுபடுபவற்றைத் தனியே பிரித்துப் பட்டியலிடுவது. மற்றொன்று, படித்தல் அழைப்பை இடைமறித்து, எத்தனை எழுத்துகள் காத்திருந்தாலும் ஒரு முறைக்கு ஓர் எழுத்து மட்டுமே கிடைக்கும்படி செய்து சோதனைத் தொகுப்பை ஓட்டுவது. அரிதாக நிகழும் தாமதத்தை எப்போதும் நிகழும்படி செய்துவிட்டால், அந்த அரிய தாமதத்தில் மட்டும் தோற்கும் சோதனைகள் உடனே வெளிப்பட்டுவிடும். முந்துதல் பிழைகளை நற்பேற்றுக்கு விட்டுவிடாமல், அவை பிறக்கும் சூழலைத் திட்டமிட்டே உண்டாக்கும் இவ்வணுகுமுறை எந்த ஆய்வுத் துறைக்கும் முன்மாதிரியாக நிற்கத்தக்கது.

நிறுத்தக் கட்டளை சேய்க்குக் கடத்தப்படும் இச்சிக்கலை வேறொரு கோணத்திலிருந்து அணுகிய பணியில் இந்தியப் பொறியாளரின் பங்கு பெரிது. ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஸ்ரீகர் துரோணம்ராஜுவும் ஜிம் கெனிஸ்டனும் எழுதிய யூப்ரோப்ஸ் என்னும் வசதி 2012இல் லினக்ஸ் 3.5ஆம் பதிப்பில் சேர்ந்தது. பிட்ரேஸ் முறையில் நிறுத்தப்புள்ளி ஒரு செயல்முறைக்கு உரியது. யூப்ரோப்ஸில் அது நிரல் இருக்கும் கோப்புக்கும் அக்கோப்பினுள் குறித்த இடத்துக்கும் உரியது. அந்தக் கோப்பை எந்தச் செயல்முறை ஓட்டினாலும், அது தாயாயினும் சேயாயினும், கெர்னலே அதைக் கவனித்துக்கொள்ளும். சேயைக் கவனிக்க வேண்டாம் என்று கண்காணிப்பவர் சொல்லியிருந்தால், நகலோடு வந்துவிட்ட கட்டளையைச் சேய் தொடும்போது, கெர்னல் அது தன்னுடையதே என்று அறிந்து, சேயின் நினைவகத்திலிருந்து அதை அகற்றி, சேயைத் தொடர்ந்து ஓடவிடுகிறது. கண்காணிப்பவருக்கும் கண்காணிக்கப்படுவதற்கும் இடையே இருவரையும் அறிந்த மூன்றாம் தரப்பு நிற்பதால், சேய் மடிவதற்கு இடமில்லாமற்போகிறது. கண்காணிப்புக்கு இம்முறை மேலானது. ஆனால் நிரலை நிறுத்தி வைத்துப் பயனர் ஆற அமர ஆராய்வதற்கு டீபக்கரின் இடத்தை அது நிரப்புவதில்லை.

மற்ற கருவிகளும் இக்கேள்வியைத் தத்தம் போக்கில் எதிர்கொண்டிருக்கின்றன. விண்டோஸில் ஃபோர்க் இல்லை. புதிய செயல்முறை புதிய நிரலாகவே பிறக்கிறது. அங்கே டீபக்கர் தொடக்கத்திலேயே பிறக்கும் சேய்களையும் சேர்த்துக் கவனிப்பதா, இந்தச் செயல்முறையை மட்டும் கவனிப்பதா என்று அறிவித்துவிடுகிறது. எல்எல்டிபி என்னும் டீபக்கர் 2021இல்தான் ஃபோர்க்கைப் பின்தொடரும் திறனைப் பெற்றது. ஓட்டத்தை முழுவதும் பதிவு செய்து பின்னர் விரும்பியபடி மீள ஓட்டும் ஆர்ஆர் என்னும் கருவி, தாயையும் எல்லாச் சேய்களையும் ஒருசேரப் பதிவு செய்துவிடுவதால், எதைத் தொடர்வது என்ற முடிவை ஓட்டம் முடிந்த பிறகு எடுக்க முடிகிறது. 2019இல் பாமன், அப்பாவூ, கிரீகர், ராஸ்கோ ஆகிய நால்வர் எழுதிய ஆய்வுரை, ஃபோர்க் காலத்துக்கு ஒவ்வாதது என்றும் அதைக் கற்பிப்பதும் வரலாற்றுப் பொருளாகவே அமைய வேண்டும் என்றும் வாதிட்டது. பைத்தான் மொழியும் 2025இல் வெளிவந்த 3.14ஆம் பதிப்பில், பல செயல்முறைகளைத் தோற்றுவிக்கும் தன் நூலகம் லினக்ஸில் நேரடியாக ஃபோர்க்கைக் கையாளும் இயல்பு வழக்கத்தைக் கைவிட்டது. பொறியியல் நோக்கில் அந்நால்வரின் வாதம் வலுவானது. ஆயினும் ஒரு செயல்முறை என்றால் என்ன, எது அதற்கே உரியது, எது பகிரப்படுவது என்பதை மாணவருக்கு உணர்த்துவதில் ஃபோர்க்குக்கு நிகரான அழைப்பு வேறில்லை. பாடத்திட்டத்தில் அதற்குள்ள இடம் நியாயமானதே.

குறை, ஃபோர்க்கைக் கற்பித்தல் பயிற்சியின் தொடக்கத்திலேயே நின்றுவிடுவதில் இருக்கிறது. ஜிடிபியும் அதன் சோதனைத் தொகுப்பும் கட்டற்ற மென்பொருள். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் உட்பட எந்த லினக்ஸ் தொகுப்பிலும், பழைய கணினியிலும் ஓடக்கூடியவை. கட்டணமோ அனுமதியோ தேவையில்லை. கீரனூர் வட்டாரத்து ஆய்வகம் ஒன்றில் ஃபோர்க் பயிற்சி முடிந்த அடுத்த வாரத்திலேயே, அதே நிரலை டீபக்கரின் கீழ் ஓட்டி, தொடரும் தெரிவும் விடுவிக்கும் தெரிவும் சேர்ந்த நான்கு நிலைகளிலும் என்ன நடக்க வேண்டும் என்பதை முன்னதாக அப்சர்வேஷன் நோட்டில் எழுதி, பின்பு நடந்ததோடு ஒப்பிடச் செய்யலாம். முன்னதாக எழுதுவதே இதில் இன்றியமையாதது. நடந்ததைப் பார்த்துவிட்டு எழுதும் விடை, டீபக்கரைச் சோதிப்பதாகாது.

அந்த நான்கு நிலைகளுள் ஒன்றில் மாணவர் திகைத்து நிற்பது உறுதி. தாயைத் தொடர்ந்துகொண்டு, சேயை விடுவிக்காமல் பிடித்து வைத்தால், தாய் வெயிட் அழைப்பை அடைந்ததும் எதுவும் நகராது. திரை உறைந்தது போலத் தோன்றும். வெயிட் என்பது சேய் முடியும்வரை தாயைக் காத்திருக்கச் செய்யும் அழைப்பு. சேயோ டீபக்கரின் பிடியில் அசையாமல் நிற்கிறது. டீபக்கரோ தாய் நிற்பதற்காகக் காத்திருக்கிறது. நிரலில் பிழையில்லை, டீபக்கரும் சொன்னதையே செய்திருக்கிறது, ஆயினும் மூன்றும் ஒன்றையொன்று பார்த்து உறைந்துவிடுகின்றன. ஷெட்யூல்-மல்டிபிள் என்ற அமைப்பை மாற்றி, பிடித்துள்ள செயல்முறைகள் அனைத்தையும் ஒருசேர ஓடவிட்டால் முடிச்சு அவிழும். இதே சூழல் விஃபோர்க்கில் நேர்ந்தால் ஜிடிபி உறைவதில்லை. சேயை நிறுத்தி வைத்துக்கொண்டு தாயை ஓடவிட இயலாது என்று கூறி மறுத்து, மாற்ற வேண்டிய அமைப்புகளையும் சுட்டிவிடுகிறது. விஃபோர்க்கில் தாய் காத்திருப்பது கெர்னலின் விதி, அதை டீபக்கர் முன்கூட்டியே அறியும். ஃபோர்க்கில் தாய் காத்திருப்பது நிரலை எழுதியவரின் விருப்பம், அதை டீபக்கர் அறிய வழியில்லை. அந்த உறைதலை டீபக்கரின் தோல்வி என்று குறிப்பதா, எதிர்பார்த்த நடத்தை என்று குறிப்பதா என்பதை மாணவர் காரணத்தோடு ரெக்கார்டில் எழுத வேண்டியிருக்கும். இரண்டு விடைகளுக்கும் வாதிட இடமிருக்கிறது, மதிப்பெண் வாதத்துக்கே உரியது.